எங்கே போகுது மீன் தொட்டித் தண்ணி?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று. குளியலறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. பிளம்பர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். தரையில் இருந்த சல்லடை மூடியைத் திருகி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்த பிடியில் தலைமுடி, கரையாத சோப்புத் துண்டு, வழவழவென்று பழுப்பாக ஒரு கூழ். அந்தக் கூழுக்குள் நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக மினுங்கும் கூழாங்கற்கள்.

“சார், வீட்டுல மீன் தொட்டி இருக்கா?”

இருக்கிறது. ஹாலில், மூன்றடித் தொட்டி. வாரம் ஒரு முறை சைஃபன் ட்யூபைப் போட்டு, அடியில் தேங்கும் கசடோடு தண்ணீரை உறிஞ்சி, இரண்டு பக்கெட் பிடித்து, இதே ஓட்டையில் ஊற்றி வந்தவன் நான்தான். ஆறு வருடமாக.

“இதுல ஊத்தினா தப்பா?” என்று கேட்டேன்.

“தண்ணி ஒண்ணும் பண்ணாது சார். கூட வர்றதுதான் அடைக்குது. அது கிடக்கட்டும், இந்த ஓட்டை எங்க போய் முடியுதுன்னு என்னிக்காவது பார்த்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. சமையலறையிலிருந்து கொஞ்சம் மஞ்சள்தூள் கொண்டுவரச் சொன்னார். ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்தார். அடைப்பு நீங்கிய ஓட்டையில் நான் ஊற்ற, அவர் கீழே போய்ப் பின்பக்க சேம்பர் மூடியைத் திறந்து நின்றார். மஞ்சள் வந்தது. அது பாதாளச் சாக்கடைக்குப் போகும் சேம்பர். நல்லது. “பால்கனியிலயும் ஒரு பக்கெட் ஊத்துங்க” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். ஊற்றினேன். சேம்பரில் எதுவும் வரவில்லை. அவர் கட்டடத்தைச் சுற்றி வந்து நின்ற இடம் கிணற்றடி. மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் ஜல்லி மேல் மஞ்சள் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

மேல்வீட்டுப் பையன் தன் தொட்டியைக் கழுவி ஊற்றுவது பால்கனியில்தான்.

பக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது?

சென்னைக் கொளத்தூர் பக்கம் ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். நாட்டின் பெரிய வண்ண மீன் சந்தைகளில் ஒன்று அது. பாலிதீன் பையில் கப்பியும் மோலியும் வாங்கிக்கொண்டு குழந்தைகள் துள்ளிக்கொண்டு போவார்கள். தீனி எவ்வளவு போட வேண்டும், ஃபில்டர் எது நல்லது என்றெல்லாம் கடைக்காரர் சொல்லித் தருவார். அழுக்குத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அம்மோனியாவாகின்றன. ஃபில்டரிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கடைசியில் வரும் நைட்ரேட்டை வெளியேற்றத்தான் தண்ணீர் மாற்றுகிறோம். லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தொட்டால் மாற்றிவிடு என்பது மீன் வளர்ப்பவர்களிடையே பொதுவான வழக்கம். குடிநீரில் நைட்ரேட் எவ்வளவு இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கும் எல்லை 45. நாம் அழுக்கென்று கொட்டும் தண்ணீர், நைட்ரேட் கணக்கில் மட்டும் பார்த்தால், குடிநீர் எல்லைக்குள் இருக்கிறது! கிருமிகள் வேறு கதை என்பதால் குடித்துப் பார்க்க வேண்டாம்.

ஆகவே நன்னீர்த் தொட்டியின் சாதாரணத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் குழாய்க்கும் கெடுதல் இல்லை, சுத்திகரிப்பு நிலையத்துக்கும் கெடுதல் இல்லை. நாம் அன்றாடம் அங்கே அனுப்பும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் இது பன்னீர். அதே ஓட்டையில் வாரா வாரம் கறை போக்க ஆசிட் ஊற்றுகிறோமே, அதற்கு யாராவது கட்டுரை எழுதுகிறார்களா?

சிக்கல் தொடங்குவது நான்கு இடங்களில். தண்ணீரோடு போகும் திடப்பொருள், உப்பு, மருந்து, உயிர். இந்த நான்கும் எவ்வளவு பெரிய சிக்கல் என்பது, அந்த ஓட்டை எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தது.

ஓட்டைகள் எல்லாம் ஒன்றல்ல

வீட்டில் தண்ணீர் வெளியேறும் வாய்கள் நாலைந்து இருக்கும். வாஷ்பேசின் குழாய் ஒன்றரை அங்குலத்துக்குள். அதன் அடியில் வளைந்திருக்கும் பகுதியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கூழாங்கல் போய் உட்காருவதும் அங்கேதான். மீன் கழிவுக் கூழ் பசை மாதிரி. முடி அதில் சிக்கும், முடியில் சோப்பு சிக்கும். ஆறு மாதத்தில் பிளம்பர் வருவார். செடி வளர்ப்பவர்கள் தொட்டிக்கு அடியில் போடும் மண்ணும் மெல்லிய மணலும் இன்னும் மோசம். அவை வளைவைத் தாண்டிப் போய், படுக்கைவசமாக ஓடும் குழாயின் அடியில் படிந்து இறுகிவிடும். அங்கே கை எட்டாது.

சமையலறை சிங்க் கூடவே கூடாது. மீன் தொட்டித் தண்ணீரில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். தொட்டியை ஊற்றிய சிங்கில் பத்து நிமிடம் கழித்துக் கீரை அலசுவோம். யோசித்தால் போதும்.

கழிப்பறைக் கோப்பையின் குழாய் நாலு அங்குலம். நேராகக் கழிவுக் குழாயில் இறங்கும். கொட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வீட்டிலேயே பொருத்தமான வாய் அதுதான், கல்லை வடிகட்டிவிட்டு.

இதெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் கதை. சுவரைத் தாண்டியதும்தான் பூதம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில், சென்னையின் விரிவாக்கப் பகுதிகள் சிலவற்றிலும், கழிப்பறை மட்டும் செப்டிக் டேங்குக்குப் போகும். குளியலறையும் சமையலறையும் தெரு வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் ஏரிக்கோ குளத்துக்கோ போகும். பாதாளச் சாக்கடை இருக்கும் இடத்திலும் நிம்மதி இல்லை. மழைநீர் வடிகாலில் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக இணைத்த வீடுகள் எத்தனை என்பது ஒவ்வொரு மழைக்காலத்திலும் பேச்சாகிறது. அந்த வடிகால்களுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய், கடல்.

மூன்றாவது வழியை எங்கள் வீட்டு மஞ்சள்தூள் காட்டிக்கொடுத்தது. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, மொட்டைமாடிக் குழாய்களைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்பினார்கள். பால்கனி ஓட்டையும் அதே இறக்குக் குழாயில் சேர்ந்திருக்கும் கட்டடங்கள் உண்டு. மாடியில் ஊற்றுவது கிணற்றில் சேரும். கிணற்றிலிருந்து மோட்டார் போட்டால் மறுபடி மாடிக்கு வரும்.

▌பெட்டிச் செய்தி: ஒரு தொட்டி, ஒரு வருடம்
*3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை சுமார் 127 லிட்டர் பிடிக்கும். வாரம் கால்பங்கு மாற்றினால் ஏறக்குறைய 30 லிட்டர், வருடத்துக்கு 1,560 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் குடிநீர்த் திட்டங்களுக்கான அளவுகோல். அதன்படி இது ஒருவரின் பதினொன்றரை நாள் தண்ணீர்.*

உப்பு: திரும்பி வராத விருந்தாளி

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் நம் ஊரில் குறைவு. ஆனால் தண்ணீரைக் கெடுப்பதில் அவர்களின் ஒரு பக்கெட், நன்னீர்க்காரர்களின் நூறு பக்கெட்டுக்குச் சமம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 200 லிட்டர் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் 40 லிட்டர், அதாவது 1.4 கிலோ உப்பு. குடிநீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது தர நிர்ணயம். ஒரு லிட்டர் கடல்நீரை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய, உப்பே இல்லாத தண்ணீர் ஏறக்குறைய 70 லிட்டர் வேண்டும். 40 லிட்டருக்கு 2,800 லிட்டர். அந்தப் பக்கெட் பால்கனி வழியாகக் கிணற்றுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு முறை. ஒரு கோடைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். கடல் உள்ளே வந்துவிட்டது என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சாக்கடையில் விட்டால்? வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் பாக்டீரியாவை வைத்துக் கழிவைத் தின்னச் செய்பவை. பாக்டீரியா உப்பைத் தின்னாது. போன உப்பு அப்படியே மறுபக்கம் வெளியே வரும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் கொள்ளளவில் எதிர்ச் சவ்வூடு பரவல் நிலையங்கள் வைத்துக் கழிவுநீரை மறுசுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்கள். அங்கே உப்பைப் பிரிக்க முடியும், மின்சாரம் செலவழித்து. ஒரு வீட்டுத் தொட்டியால் அந்த நிலையம் திணறப்போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடல் மீன் தொட்டிக்குப் பாதாளச் சாக்கடைதான் சரியான இடம். செடிக்குக் கூடாது, செப்டிக் டேங்குக்குக் கூடாது, மழைநீர்க் குழிக்குக் கூடவே கூடாது.

நீல மருந்தும் பச்சை மருந்தும்

மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் கடைக்காரர் ஒரு சின்ன பாட்டில் தருவார். மெத்திலீன் ப்ளூ அல்லது மலக்கைட் கிரீன் சேர்ந்தது. தொட்டி இரண்டு நாள் இங்க் பாட்டில் மாதிரி இருக்கும். மீன் பிழைத்ததும் தண்ணீரைக் கொட்டுவோம். இந்த இரண்டும் கிருமியைக் கொல்லத்தான் இருக்கின்றன. செப்டிக் டேங்க் வேலை செய்வதோ கிருமிகளால். ஒரு பக்கெட்டில் டேங்க் செத்துவிடாது. வாரா வாரம் தொட்டிக்கு மருந்து போடும் பழக்கமுள்ளவர்கள்தான் கவனிக்க வேண்டும். நத்தையைக் கொல்ல காப்பர் சல்பேட் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக. தெரு வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போனால், தொட்டியில் நத்தையைக் கொன்ற அதே செம்பு அங்கே இருக்கும் நத்தையையும் கொல்லும்.

சாய மருந்துகளுக்கு எளிய வழி உண்டு. ஃபில்டரில் புதிதாக ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு ஒரு நாள் ஓட விடுங்கள். சாயம் பெரும்பாலும் கரியில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தெளியும். அப்புறம் கொட்டலாம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. மருத்துவர் சீட்டில்லாமல் மனிதனுக்குக் கொடுக்கக் கூடாத ஆன்டிபயாடிக், மீனுக்கென்ற பெயரில் சின்ன உறைகளில் கைமாறுகிறது. எது என்ன நோய் என்று தெரியாமல் தொட்டியில் கொட்டி, பிறகு குழாயில் கொட்டுகிறோம். மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி உருவாகிறது என்று அப்புறம் ஆச்சரியப்படுகிறோம்.

உயிரோடு போகிறவை

1984-ல் மொனாக்கோ கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கீழே, மத்தியதரைக் கடலில் ஒரு பாசி கண்ணில் பட்டது. பெயர் காலெர்பா டாக்ஸிஃபோலியா. மீன் காட்சித் தொட்டிகளை அழகுபடுத்த வளர்க்கப்பட்ட வெப்பமண்டலப் பாசியின் ஒரு ரகம். அப்போது அது பரவியிருந்த இடம் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். 1989-ல் ஒரு ஹெக்டேர். பிறகு ஆயிரக்கணக்கான ஹெக்டேர். கடற்புல் படுகைகள் அதன் கீழ் மூச்சடைத்தன. 2000-ல் அதே பாசி கலிபோர்னியாவில் ஒரு கடற்கழியில் முளைத்தது. தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்திக் கொன்றார்கள். முற்றாக ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது. காரணம் என்று கைகாட்டப்பட்டது வீட்டுத் தொட்டிகளை.

2021-ல் அமெரிக்காவில் இன்னொரு கூத்து. மாரிமோ என்று ஒரு பாசிப் பந்து, பச்சைப் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். சியாட்டிலில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் விற்ற பந்துக்குள் ஜீப்ரா மஸல் என்ற வரிச் சிப்பி ஒளிந்திருந்தது தெரியவந்தது. தண்ணீர்க் குழாய்களுக்குள் கொத்துக் கொத்தாக ஒட்டி அடைக்கும் சிப்பி அது. தேடத் தேடப் பல மாநிலக் கடைகளில் கிடைத்தது. அரசுத் துறை மக்களுக்குச் சொன்னது: பந்தை உறையவையுங்கள் அல்லது கொதிக்கவையுங்கள், பிறகு குப்பையில் போடுங்கள். தொட்டித் தண்ணீரைக்கூடக் கிருமிநீக்கம் செய்யாமல் கொட்டாதீர்கள். ஒரு பக்கெட் மீன் தொட்டித் தண்ணீருக்காக ஒரு நாடே பதறியது.

நம் கதைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ‘டேங்க் கிளீனர்’ என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனை நினைத்துப் பாருங்கள். தென் அமெரிக்க மீன். வாங்கும்போது விரல் நீளம். தொட்டியில் ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்னும். இரண்டு வருடத்தில் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து தொட்டியே கொள்ளாமல் நிற்கும். கொல்ல மனம் வராது. ஏரியில் விட்டுவிடுவார்கள், புண்ணியம் என்று. இன்று இந்தியாவின் பல மாநில ஏரிகளில் வலை போட்டால் இதுதான் வருகிறது. உடம்பெல்லாம் முள்ளும் எலும்புத் தகடுமாக இருப்பதால் வலையைக் கிழிக்கிறது. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது. வாங்குவார் இல்லாமல் மீனவர் அதைக் கரையில் வீசிவிட்டுப் போகிறார். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அங்குள்ள ஆறுகளில் அமேசானின் அரபைமா சிக்கியது. பண்ணைகளிலும் குளங்களிலும் வளர்த்தவை வெள்ளத்தோடு வெளியேறியவை.

குழாய் வழியாக முழு மீன் போகாது. கடுகு அளவு நத்தைக் குஞ்சும் விரல் நீளச் செடித் துண்டும் போகும். ஆகாயத் தாமரையும் அலங்காரச் செடியாக வந்ததுதான். பாதாளச் சாக்கடையில் போனால் பெரும்பாலும் செத்துவிடும். தெரு வாய்க்காலில் போனால் அதற்கு அது ஊர்வலம்.

▌பெட்டிச் செய்தி: கையில் புண் இருக்கிறதா?
*மைக்கோபாக்டீரியம் மரினம். காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரன். 1926-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மீன் காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. கையில் சிராய்ப்போடு தொட்டியைக் கழுவினால் உள்ளே நுழையும். சில வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ ஆறாத கட்டியாக எழும்பும். குணமாகப் பல மாதம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். இப்படிப் புண் வந்தால், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார். ட்யூபை வாயால் உறிஞ்சும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.*

போன தண்ணீர் திரும்பி வந்தால்?

கொட்டுவதில் இருக்கும் ஆபத்தைவிட நிரப்புவதில் இருக்கும் ஆபத்து யாருக்கும் தோன்றாதது. பக்கெட் தூக்க அலுப்பு. ட்யூபின் ஒரு முனையைக் குழாயில் மாட்டி, மறுமுனையைத் தொட்டித் தண்ணீரில் மூழ்கவிட்டு நிரப்புகிறோம். அந்த நேரம் பார்த்து மேல்நிலைத் தொட்டி காலி. கீழ்வீட்டில் ஒருவர் பல் துலக்கக் குழாயைத் திறக்கிறார். இரண்டு வீட்டுக்கும் இறங்குவது ஒரே குழாய் என்றால், ட்யூப் வழியாக நம் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இழுபட்டுக் கீழே ஓடும். மெத்திலீன் ப்ளூ போட்டிருந்தால் அவருக்கு உடனே தெரியும். போடவில்லை என்றால் தெரியவே தெரியாது.

இதைத் தடுக்கக் கருவியெல்லாம் வேண்டாம். ட்யூபின் முனை தண்ணீரைத் தொடாமல், தொட்டி விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். நடுவில் காற்று இருந்தால் இழுக்காது.

கொல்லைப்புற வாழைக்குத் தெரிந்தது

2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறிச் சென்னைக்கு வந்தது. அந்தக் கோடையில் மீன் வளர்த்த பலர் தொட்டித் தண்ணீரை முதன்முறையாகக் கழிப்பறை ஃபிளஷுக்கும் தரை துடைக்கவும் எடுத்தார்கள். மழை வந்தது, மறந்தார்கள்.

தனிவீட்டுக் காலத்தில் தண்ணீரை எங்கே கொட்டுவது என்ற கேள்வியே எழுந்ததில்லை. குளித்த தண்ணீர் கொல்லைப்புற வாழைக்குப் போகும். அதன் பிறகு எங்கே போகிறது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. வாழை தார் போட்டது. அதே எண்ணத்தைத்தான் சென்னையில் இந்துகாந்த் ராகடே என்ற நீர் மறுபயன்பாட்டு ஆர்வலர், குளியல் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தியில் விட்டுச் சுத்தமாக்கிப் பயன்படுத்தலாம் என்று அடுக்குமாடிக்காரர்களிடம் எடுத்துச் சொன்னார். மீன் தொட்டித் தண்ணீர் குளியல் தண்ணீரைவிட மேல். சோப்பு இல்லை. செடிக்கு வேண்டிய நைட்ரேட் இருக்கிறது, பாஸ்பேட் இருக்கிறது. அடிக்கசடு முதல் தரமான எரு. உப்போ மருந்தோ போடாத தண்ணீராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பச்சையாகச் சாப்பிடும் கீரை, கொத்தமல்லி இலைகள் மேல் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள்.

செத்த மீனையும் ஃபிளஷ் செய்யாமல் அதே செடியடியில் புதைக்கலாம். வளர்ந்துவிட்ட சக்கர் மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பல கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

பிளம்பர் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, எடுத்த கூழாங்கற்களைக் கழுவி ஒரு டீ டம்ளரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது ஞாயிறுகளில் இரண்டு பக்கெட்டும் லிஃப்டில் கீழே இறங்குகின்றன, தரைத்தள மாமியின் கறிவேப்பிலைக்கு. “ஒரு வாரம் விட்டுட்டா எல போடறதில்லடா” என்று இப்போது அவர் என்னை விரட்டுகிறார். மேல்வீட்டுப் பையனிடம் மஞ்சள்தூள் விஷயத்தைச் சொன்னேன். “அங்கிள், கிணத்துக்கா போகுது?” என்றான். அவனும் பக்கெட்டோடு இறங்குகிறான்.

உங்கள் வீட்டில் மீன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு பக்கெட் தண்ணீர், கீழே நின்று பார்க்க ஓர் ஆள். வளாகத்துக்குள் இருக்கும் சேம்பர் மூடியைத் திறந்தால் போதும், தெரு மேன்ஹோலில் கைவைக்க வேண்டாம். எந்த ஓட்டை எங்கே போகிறது என்று பார்த்து, லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுங்கள்.